வளைகாப்புக்கு மறுநாள்: ஒரு கம்பளிக் கம்பளமும் அதில் விழுந்த கறைகளும்

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐப்பசியின் பிற்பாதி, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். வீட்டின் மூத்த மகளுக்கு முதல் நாள்தான் வளைகாப்பு நடந்திருந்தது. கூடத்தில் ஐந்துக்கு எட்டு அடியில் ஒரு கம்பளம்; வெளிர் சந்தன நிறப் பரப்பு, ஓரம் முழுக்க அரக்குக் கரை. மணையை அதன் மேல் போட்டு, அதன் மேலேயே வளையல் அடுக்கி, அங்கேயே கலந்த சாதமும் காபியும் பரிமாறியிருக்கிறார்கள். மறுநாள் காலை வீட்டம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, கம்பளத்தில் சாயம் இறங்கிவிட்டது. மஞ்சளாக இருந்த இடம் சிவப்பாகிவிட்டது. உடனே வர முடியுமா?”

சாயம் இறங்கவில்லை என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. எதையும் ஊற்ற வேண்டாம், தேய்க்க வேண்டாம், வெள்ளைத் துணியால் ஒற்றி மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். நம் வீடுகளில் கம்பளத்தின் மேல் விழக்கூடிய கறைகளில் பெரும்பாலானவை இங்கே ஒரே நாளில் விழுந்திருந்தன. கறை விழுந்ததால் வந்த கெடுதல் ஒரு பங்கு என்றால், அதை எடுக்கப்போன அவசரத்தால் வந்த கெடுதல் அதைவிடப் பெரிய பங்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க இவ்வளவு தெளிவான வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

கம்பளம் எதனால் ஆனது

கறைகளைப் பார்ப்பதற்கு முன் கம்பளத்தின் ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தேன். கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளமாக இருந்தால் பின்புறத்திலும் பூவேலை தெரியும். முடிச்சுகளை எண்ணக்கூட முடியும். இதன் பின்புறத்தில் ஒரு முரட்டுத் துணி ஒட்டப்பட்டிருந்தது. விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியில் கைக்கருவியால் நூலைக் குத்திச் செருகி, பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, அதற்கு மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடும் முறை இது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி வட்டாரத்திலிருந்து இந்த வகை நிறைய வருகிறது. அந்த ஊரின் கைவினைக் கம்பளங்களுக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கம்பளத்தின் சீட்டிலும் பதோஹி என்றுதான் இருந்தது.

நூல் எது என்று சீட்டை நம்பி முடிவு செய்வதில்லை. ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளைப் பிடுங்கி, பால்கனியில் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாசனை வந்தது. எரிந்த முனையை விரலால் நசுக்கியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பளி. பருத்தியோ விஸ்கோஸோ என்றால் காகிதம் எரியும் வாசனை வரும். பாலிப்ரொப்பிலீன் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் பிறகு செய்யப்போகும் எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே கெரட்டின் புரதம். லேசான புளிப்பை அது தாங்கும், காரத்தைத் தாங்காது. துணி துவைக்கும் பவுடரில் உள்ள சலவைச் சோடா அதை முரடாக்கும். சில பவுடர்களில் புரதக் கறைக்காகச் சேர்க்கும் நொதிகள் கம்பளியையே புரதக் கறையாகக் கொண்டு அரிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கூட, குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். இதற்கெல்லாம் மேல் பின்னால் இருக்கும் பசை. தண்ணீர் ஊறினால் அது நாற்றம் அடிக்கும், நாளடைவில் விட்டுப்போகும்.

இதே கறைகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கம்பளத்தில் விழுந்திருந்தால் கதை வேறு. அந்த நூலுக்குள் சாயம் எளிதில் இறங்காது. மருதாணி பெரும்பாலும் மேலோடு வந்துவிடும். ஆனால் எண்ணெயை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் பலித்த வைத்தியம் நம் வீட்டில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்: கறை ஒன்றாக இருக்கலாம், நூல் வேறு.

நான் போவதற்கு முன் நடந்தவை

வீட்டில் இருந்தவர்களைக் கேட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். இந்த விசாரணை சில நேரம் சங்கடமாகிவிடும்; யார் கொட்டியது, யார் தேய்த்தது என்று பேச்சு திரும்பும். எனக்குத் தேவை ஆள் அல்ல, கொட்டிய பொருளும் ஊற்றிய பொருளும் மட்டுமே என்று முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.

வளைகாப்புக்கு முந்தைய இரவு பெண்கள் கூடி மருதாணி வைத்திருக்கிறார்கள். கூம்பிலிருந்து சில துளிகள் கம்பளத்தில் விழுந்தன. ‘காய்ந்தால் உதிர்ந்துவிடும்’ என்று விட்டுவிட்டு, காலையில் நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். விழாவன்று குத்துவிளக்கை நகர்த்தும்போது நல்லெண்ணெய் சிந்தியது. ஆரத்தித் தட்டு சாய்ந்து கரையோரம் கொஞ்சம் வழிந்தது. ஒரு குழந்தை எலுமிச்சை சாதத் தட்டைக் கவிழ்த்தது. கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு டம்ளர் காபி.

எலுமிச்சை சாதம் விழுந்த இடத்தில் துணி துவைக்கும் பவுடரைத் தூவி, தண்ணீர் விட்டு, துணி பிரஷ்ஷால் வட்டவட்டமாகத் தேய்த்திருந்தார்கள். காபி கரையட்டும் என்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தபோது குளியலறை வாசலில் பிளீச் பாட்டில் தயாராக நின்றது. அதை முதலில் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். கம்பளி கரையும் என்பது ஒரு காரணம். நான் கொண்டுபோயிருந்த பையில் வினிகர் இருந்தது இன்னொரு காரணம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில், மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்த கூடத்தில், அதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

மஞ்சள்

கம்பளத்தின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குச் செங்கல் சிவப்பில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் பவுடர் படாத இடங்களில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. கரைப் பக்கம் ஆரத்தி வழிந்த இடமும் ஏறக்குறைய அதே சிவப்பு. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு பட்ட மஞ்சள் மாதிரி அல்லவா இருக்கிறது?” என்றார்.

பாட்டி சொன்னது முழுக்கச் சரி. ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு விரல் சுண்ணாம்பைக் கலந்ததும் அது சிவப்பாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் புளிப்பிலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு காரம், துணி துவைக்கும் பவுடரும் காரம். ஆரத்தித் தட்டில் வேண்டுமென்றே செய்வதை, கம்பளத்தின் நடுவில் தெரியாமல் செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, ஒரு பங்கு வெள்ளை வினிகரும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து, பஞ்சில் நனைத்துச் சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் மெதுவாக அழுத்தினேன். சில நொடிகளில் பஞ்சுக்கடியில் இருந்த இடம் மஞ்சளுக்குத் திரும்பியது. வீட்டம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் ஆயிற்று. ஆனால் அந்த நிம்மதி பாதிதான் நியாயம். வினிகர் நிறத்தைத்தான் மாற்றியது, கறையை எடுக்கவில்லை. சிவப்பாக இருந்த அதே குர்குமின் இப்போது மஞ்சளாக அங்கேயே இருக்கிறது.

ஆரத்தி விழுந்த இடத்திலும் இதே பஞ்சை வைத்துப் பார்த்தேன். அதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. இப்போது பல வீடுகளில் சுண்ணாம்புக்குப் பதில் குங்குமத்தையே தண்ணீரில் கரைத்துவிடுகிறார்கள். கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் செயற்கைச் சாயம் இருக்கும். அது வினிகருக்கு மசியாது, சிவப்பாகவே நிற்கும். இங்கே அந்த இடமும் மஞ்சளாக மாறியது. பழைய முறைப்படி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்திதான். எனக்கு வேலை ஒரு படி குறைந்தது.

அடுத்த வேலை பவுடரைக் கழுவி எடுப்பது. அதற்கு முன் கம்பளம் முழுவதையும் வாக்குவம் போட்டு, காய்ந்த சோற்றுப் பருக்கைகளைக் கரண்டி விளிம்பால் நெம்பி எடுத்தோம். வளையல் அடுக்கிய இடத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் நூலுக்குள் ஒளிந்திருந்தன. இந்த மாதிரி விழா நடந்த கம்பளத்தை வெறுங்கையால் தடவவே கூடாது. பிறகு அந்த வட்டத்தை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரால் ஈரப்படுத்தி, ஈரத்தை உறிஞ்சும் வாக்குவத்தால் இழுத்து, மறுபடி ஈரப்படுத்தி மறுபடி இழுத்தோம். நுரை நின்றபாடில்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. நூலில் பவுடர் மிச்சம் இருந்தால் அழுக்கு அந்த இடத்தையே தேடி வந்து ஒட்டும். பவுடரில் துணியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் வெளிர் நிறக் கம்பளியில் நீலம் பாய்ந்த ஒரு திட்டாகவும் நின்றுவிடும். கழுவுவதற்குக் கேன் தண்ணீரையே பயன்படுத்தினோம். அந்தக் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமான உப்புத் தண்ணீர். காய்ந்தால் நூல் விறைக்கும்.

இனி மஞ்சளை எடுப்பது. குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். எலுமிச்சை சாதத்தில் தாளித்த எண்ணெயோடு சேர்ந்துதான் அது கம்பளத்துக்குள் போயிருந்தது. கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவச் சோப்பில் கால் தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, முதலில் எண்ணெயை ஒற்றி எடுத்தேன். காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றினேன். ஒவ்வொரு ஒற்றலுக்கும் பஞ்சில் மஞ்சள் ஏறியது. பஞ்சு நிறம் மாறியதும் புதிய பஞ்சு. அதே பஞ்சையே திருப்பித் திருப்பி ஒற்றினால் எடுத்ததைத் திரும்பக் கொடுப்பதாகிவிடும். ஸ்பிரிட்டைக் கம்பளத்தின் மேல் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் பசை இளகும். அதோடு அது தீப்பற்றும் பொருள். கூடத்தின் மூலையில் சுவாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டியிடம் சொல்லி அதை மலையேற்றிய பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன்.

ஒரு கட்டத்துக்குப் பிறகு பஞ்சில் ஏறுவது நின்றுவிட்டது. கம்பளத்தில் வெளிர் மஞ்சள் நின்றது. இதை எதிர்பார்த்தே இருந்தேன். கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் போட மஞ்சளைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். தனியாக ஒரு பிடிப்பான் சேர்க்காமலே அது நூலைப் பற்றும். அப்படிப் பற்றிய பங்குக்கு மருந்து வெயில். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப்போவதற்குக் காரணம் அதுதான். ஆனால் இது ஐப்பசி, வெளியே அடைமழை.

ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாம். மருந்துக்கடைப் பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் முதலில் சோதித்துவிட்டு, சில துளிகள் மட்டும். சோதனையில் சந்தன நிறம் ஒரு சாயல் வெளுத்ததுபோல் எனக்குத் தோன்றியது. மஞ்சள் திட்டைப் போக்கி வெள்ளைத் திட்டைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மஞ்சள் பின்னால் தானே போகும். வெளுத்த நூலுக்குத் திரும்ப நிறம் வராது. கம்பளத்தைத் திருப்பி, அந்த வட்டம் பால்கனிக் கதவுக்கு நேராக வரும்படி போடச் சொன்னேன். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் நேர் வெயிலைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்.

எண்ணெய்

நல்லெண்ணெய் சிந்திய இடம்தான் எல்லாவற்றிலும் எளிதாக முடிந்தது. யாரும் அதைத் தொடாமல் இருந்ததே காரணம். சோளமாவைத் தடிமனாகத் தூவி விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தோம். எண்ணெய் குடித்து மாவு நிறம் மாறியதும் வாக்குவத்தால் எடுத்து, மறுபடி புதிய மாவு. கடைசியில் கம்பளிச் சோப்புத் தண்ணீரால் ஓர் ஒற்றல். எண்ணெய் விழுந்த இடத்தில் தண்ணீரை முதலில் ஊற்றினால் எண்ணெய் பரவும், மாவுக்கும் உறிஞ்ச வழி இருக்காது.

காபி

வடிகாபியை ஒரே கறையாக நினைப்பது தவறு. டிகாக்‌ஷனின் பழுப்பும் சிக்கரியின் பழுப்பும் ஒரு பக்கம், பாலின் புரதமும் கொழுப்பும் இன்னொரு பக்கம், சர்க்கரை மூன்றாவது. கொதிக்கும் தண்ணீர் பால் புரதத்தை நூலோடு சேர்த்து இறுக்கும், பழுப்பு நிறத்தையும் கம்பளிக்குள் வேகமாக ஏற்றும். சூடு இல்லாமல் கம்பளிக்குச் சாயம் போட முடியாது என்று சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இங்கே காபியே சாயம், வீட்டுப் பாத்திரத்தில் காய்ச்சிய தண்ணீரே சாயக் கொப்பரை.

குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி, கம்பளிச் சோப்புத் தண்ணீரால் கொழுப்பை எடுத்து, வினிகர் தண்ணீரால் பழுப்பை எடுத்தோம். இந்த வேலைக்குச் சோப்புக் கட்டி உதவாது. அது காபி, தேநீர்க் கறைகளை இறுக்கிவிடும். சாயங்காலத்துக்குள் இடம் சுத்தமாகிவிட்டது. வீட்டார் மகிழ்ந்தார்கள். நாளைக் காலையில் இது திரும்பி வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வந்தது. மறுநாள் காலை அதே இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று. ஊற்றிய கொதிநீர் காபியை நூலின் அடிவரை, பின்துணி வரை இறக்கியிருந்தது. மேலிருந்து எடுத்தது மேலே இருந்ததை மட்டுமே. நூலின் நுனி காயக் காய, அடியில் உள்ள ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறி, தன்னோடு நிறத்தையும் கொண்டுவந்து நுனியில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது. ‘கறையை எடுத்துக் கொடுத்தார்கள், மறுநாள் திரும்ப வந்துவிட்டது’ என்று வாடிக்கையாளர்கள் சொல்லும் புகாரில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

அந்த ஏற்றத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். இடத்தை லேசாக ஈரப்படுத்தி, கரையில்லாத பழைய வெள்ளை வேட்டியை எட்டாக மடித்து அதன் மேல் வைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதற்கு மேல் வீட்டில் சும்மா கிடந்த அம்மிக்குழவியைப் படுக்க வைத்தோம். ஈரம் இப்போது நூலின் நுனியில் நிற்காமல் வேட்டிக்குள் ஏறும். இரவு முழுக்க அப்படியே விட்டதில் வேட்டியின் அடிமடிப்பில் பழுப்பு வளையம் அச்சுப்போல் இறங்கியிருந்தது. கம்பளத்தில் இல்லை.

இந்த இடத்தில், ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுரை பொங்குவதால் ஏதோ பெரிய வேலை நடப்பதாகத் தோன்றுகிறது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது உப்புத் தண்ணீர். வினிகர் தனியாகச் செய்திருக்கக்கூடிய வேலையும் அதோடு போய்விடுகிறது. மஞ்சள் கறை மேல் ஆப்பசோடாவை மட்டும் தூவினால் ஏற்கெனவே சொன்ன சிவப்புக் கதைதான்.

மருதாணி

இதில் எனக்கு முழு வெற்றி இல்லை; யாருக்கும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். மருதாணியின் நிறப்பொருளான லாசோன் கெரட்டின் புரதத்தோடு வேதிமுறையில் பிணைந்துகொள்கிறது. உள்ளங்கையிலும் நகத்திலும் நரைமுடியிலும் அது பிடிப்பது அதனால்தான். கம்பளியும் கெரட்டின் என்பதால் அங்கும் அதே பிடிப்பு. கையில் இட்ட மருதாணி கொஞ்ச நாளில் மறைவதற்குக் காரணம் நிறம் விட்டுப்போவதல்ல, மேல்தோல் உதிர்வது. கம்பள நூல் உதிர்வதில்லை. நகத்தில் இட்டது நகம் வளர்ந்து வெட்டும்வரை இருப்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

விழுந்த உடனே கரண்டியால் வழித்து, குளிர்ந்த தண்ணீரால் ஒற்றியிருந்தால் வெளிர் ஆரஞ்சோடு போயிருக்கும். இரவு முழுக்க ஈரத்தோடு கிடந்ததில் நிறம் முழுதாக ஏறிவிட்டது. பெராக்சைடால் கொஞ்சம் வெளுக்கலாம். ஆனால் அதே அளவுக்குச் சுற்றியுள்ள நிறமும் வெளுக்கும். வளைந்த முனைக் கத்தரிக்கோலால், நிறம் ஏறிய நுனிகளை மட்டும் மயிரிழை மயிரிழையாக நறுக்கினேன். மருதாணி விழுது கெட்டியானது, ஆழமாக இறங்காமல் மேலேயே தங்கியிருந்தது என்பதால் பெரிய துளிகள் இரண்டைத் தவிர மற்றவை இப்படியே போய்விட்டன. அந்த இரண்டிலும் நூலின் பாதி ஆழம் வரை நிறம் இருந்தது. அவ்வளவு ஆழமாக நறுக்கினால் பள்ளம் தெரியும். அவற்றை அப்படியே விடச் சொன்னேன்.

மகள் கேட்டார், “அண்ணா, இதைத் தைத்து மாற்ற முடியாதா?” முடியும். அந்த நூல்களை வேரோடு எடுத்துவிட்டு, மறைவான ஓரத்திலிருந்து எடுத்த நூலை ஊசியால் செருகலாம். கைத்தேர்ந்தவர் செய்தால் தெரியாது. ஆனால் இரண்டு மொச்சைக்கொட்டை அளவுப் புள்ளிகளுக்காகப் பின்துணியைப் பிரிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சந்தனம் காய்ந்து பொடியாகி வாக்குவத்திலேயே வந்துவிட்டது. சோபா ஓரத்தில் ஒரு வெற்றிலைச் சாற்றுத் துளி இருந்தது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் அந்தச் சிவப்பும் புளிப்புக்கு இளகியது. வினிகர் தண்ணீரும் பொறுமையான ஒற்றலும் போதுமாக இருந்தன.

உலர்த்தியது

சென்னையில் மழைக்காலத்தில் கம்பளத்தைச் சுத்தம் செய்வதைவிடக் காயவைப்பதுதான் கடினம். காற்றே ஈரம், ஒரு முழு நாளுக்கு மேல் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் தொடக்கத்திலிருந்தே கம்பளத்தை முழுக்க நனைக்காமல் கறை இருந்த இடங்களில் மட்டும் வேலை செய்தோம். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் கம்பளத்தை விரித்தோம். அடியிலும் காற்று போக வேண்டும். மேலே மின்விசிறி, பக்கவாட்டில் தரையோடு தரையாக ஒரு மேசை விசிறி. கதவுகளைச் சாத்தி, ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓட விட்டோம். மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காயும் என்று நினைப்பது இயல்பு. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட ஈரமான காற்று.

கம்பளத்தைத் தூக்கியபோதுதான் ஒரு மூலையில் பழைய நாற்றம் வந்தது. பேரன் எப்போதோ சிறுநீர் கழித்த இடம். வெயில் காலத்தில் தெரியாமல் கிடந்த உப்புகள் மழைக்காலத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி வாசனை விடும். புதிதில் புளிப்பாக இருக்கும் சிறுநீர், நாளாக நாளாக அம்மோனியாவாகிக் காரமாகிவிடுகிறது. கம்பளியின் நிறத்தையும் அது கெடுக்கும். அங்கே நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. வினிகர் தண்ணீரால் ஒற்றி எடுத்ததில் நாற்றம் போயிற்று, மங்கல் போகவில்லை.

தை மாதத்தில் பார்த்தபோது

அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது ஏறிப் பார்த்தேன். பால்கனி வெளிச்சத்தில் மஞ்சள் வட்டம், தெரிந்து தேடினால் மட்டும் தெரியும் அளவுக்கு மங்கியிருந்தது. ஆரத்தி விழுந்த இடம் சுத்தம். காபி திரும்பவில்லை. மருதாணிப் புள்ளிகள் இரண்டும் ஆரஞ்சாக அப்படியே இருந்தன.

கண்ணில் பட்டது வேறொன்று. எலுமிச்சை சாதம் விழுந்த இடத்தில் நிறம் போனாலும் தட்டு அளவு வட்டம் போகவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே நூல் முனைகள் பிரிந்து, பஞ்சாகி, ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. காரத்தோடும் ஈரத்தோடும் வட்டமாகத் தேய்த்தால் அந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், பிறகு பிரியாது. மஞ்சளுக்கு வெயில் இருந்தது, காபிக்கு வேட்டி இருந்தது. பிரஷ் தேய்த்த இடத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. முனைகளைக் கொஞ்சம் சமமாக நறுக்கிவிட்டு வந்தேன்.

குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா வரப்போகிறது, அப்போது கம்பளத்தின் மேல் ஜமுக்காளம் விரித்துக்கொள்ளலாமா என்று வீட்டம்மா கேட்டார். பவானி ஜமுக்காளம் ஒன்று வீட்டில் இருந்தது, நல்ல அடர் சிவப்பில். தனியாகத் தரையில் விரித்தால் சரி. கம்பளத்தின் மேல் வேண்டாம் என்றேன். ஈரம் பட்டு அதன் சாயம் இறங்கினால் நேராகச் சந்தன நிறக் கம்பளிக்குள் போகும். விழாவுக்கு முதல் நாளே கம்பளத்தை, நூல் பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் சுற்றி, மழைச்சாரல் அடிக்காத சுவர்ப் பக்கம் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.